இருபத்தொன்பது எங்கே?

போன வாரம் விருதுநகர் பஜாரில் கால் கிலோ காராச்சேவு வாங்கினேன். கடைக்காரர் அதை ஒரு அச்சுத்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், எண்ணெய் ஊறிய தாளில் ஒரு குழந்தை புஸ்வாணம் கொளுத்திக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு மூக்கு. நான்கு வண்ணங்களில் ஒன்று இடம் தள்ளி விழுந்திருக்கிறது. அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள். பட்டாசுப் பெட்டிக்குப் போகவேண்டிய லேபிள் சேவுக்கு வந்துவிட்டது. நான் சேவை மறந்து, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விலகியது சிவப்பா மஞ்சளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திங்கப் போறீகளா, புரூப் பாக்கப் போறீகளா?" என்றாள் மனைவி.

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். நான்தான் தாளை மடித்துக் கீழே வைத்தேன். புரூப் பார்க்க எனக்குத் தகுதி கிடையாது. தகுதி உள்ள ஒருவர் என்னிடம் இருந்தார். அவருக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரே ஒருவரிடம் சொன்னேன். அது எப்படிப் போனது என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் கெடுத்த தொழில்களை ஒரு வரிசை பார்த்துவிடுவோம். இப்போதெல்லாம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு, அழைப்பிதழில் 'தொழிலதிபர்' என்று போடுகிறார்கள். நீங்களும் அதை நம்பிவிடக் கூடாது.

நான் வேதியியல் படித்தவன். தீக்குச்சிக்கு மருந்து கலக்க வேதியியல் பட்டம் வேண்டும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். பட்டம் இல்லாதவர்கள் சுற்றிலும் அருமையாகக் கலந்துகொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் பக்கம் மழை குறைவு. அதனால்தான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு எல்லாம் இங்கே வந்து உட்கார்ந்தன. நான் கம்பெனி ஆரம்பித்த வருஷம் மழை பெய்தது. ஐப்பசியில் பிடித்தது கார்த்திகை முடிந்துதான் விட்டது. காயப்போட்ட குச்சிகளில் மருந்து பிசுபிசுத்தது. பத்து முறை உரசினால் ஒரு முறை பற்றும். அதுவும் நம்மேல் கோபம் கொண்டதுபோலச் சீறிவிட்டு அணைந்துவிடும். பக்கத்து ஊர் சம்சாரி ஒருவர், கண்மாய் நிறைந்த சந்தோஷத்தில் என்னைத் தேடி வந்து, "தம்பி, வருசம் ஒரு கம்பெனி ஆரம்பிங்க. எங்க புஞ்சை பொழச்சுக்கிடும்" என்றார்.

அடுத்தது விருதுநகரில் வத்தல் வியாபாரம். மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேரம் பேசவேண்டும். எனக்கோ தும்மல். பேரம் படிகிற நேரத்தில் ஒற்றைத் தும்மல் போட்டால், வந்தவர் சகுனம் சரியில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நான் சிரமப்பட்டு இரட்டைத் தும்மல் போடப் பழகினேன். அது கைவருவதற்குள் சீசன் முடிந்துவிட்டது.

அந்தத் தும்மல் காலத்தில் எனக்குக் கிடைத்தது பக்கத்துக் கடை அண்ணாச்சியின் பழக்கம். பெரிய வத்தல் மொத்த வியாபாரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்குத் 'தும்மலு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். எங்கள் பஜாரில் யாரும் பெற்றோர் வைத்த பெயரோடு ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. நொண்டியவனுக்கும் முண்டியவனுக்கும் ஒரு பெயர் உண்டு. என் பெயர் மட்டும் பின்னாளில் நான் காரில் வந்து இறங்க ஆரம்பித்ததும் தானாக உதிர்ந்துவிட்டது. முதலாளிகளின் பட்டப்பெயர்கள் அப்படித்தான் உதிரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் செய்ததன் அளவும் தெரிந்திருக்கும்.

வத்தலை விட்டு சிவகாசிக்குப் போய் ஒரு சின்ன அச்சகம் எடுத்தேன். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். பின் அட்டையில் வாய்ப்பாடு போடுவது வழக்கம். நானும் போட்டேன். ஒரு நாள் காலையில் ஒல்லியான ஒருவர், வேட்டி சட்டை, பையில் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதான் மொதலாளியா?"

"ஆமா. உக்காருங்க."

"உக்கார வரல. ஏழெட்டு எம்புட்டு?"

"அம்பத்தாறு."

"உங்களுக்குத் தெரியுது. உங்க நோட்டுக்குத் தெரியலயே" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஐம்பத்து நான்கு என்று இருந்தது. சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். "எங்க அக்கா மக இதப் பாத்து எழுதி டீச்சர்ட்ட அடி வாங்கிருக்கா. நோட்டுல இப்படித்தான் இருக்குன்னு காட்டிருக்கா. எதுத்துப் பேசுறியான்னு இன்னொரு அடி."

அவர்தான் பரமசிவம். ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வாரமே என் அச்சகத்துக்குப் புரூப் பார்க்க வந்துவிட்டார்.

அவர் புரூப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. ஒரு தடவை மேலிருந்து கீழே படிப்பார். மறுபடி கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போவார். ஏன் இந்தத் தலைகீழ்ப் பாடம் என்று கேட்டேன். "அர்த்தம் புரிஞ்சா பிழை தெரியாது மொதலாளி. அர்த்தம் ஆளை இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்திக்கு முன்னால் பத்திரிகையை முடித்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் இனிஷியல் தப்பு என்று கண்டுபிடித்து, பெண் வீட்டாரிடம் போய் இவர்தானா என்று விசாரித்திருக்கிறார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஊர் போகும்வரை கடைப் பலகைகளுக்கு ஒற்றுப் போட்டுக்கொண்டு வருவார். நாங்கள் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வோம். கிண்டல்தான், ஆனால் அதற்குள் ஒரு மரியாதை இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட தாள் என்றால் மிஷின்காரர் மறுபேச்சு இல்லாமல் ஓட்டுவார்.

அவர் வந்த தைரியத்தில்தான் நான் தினசரிக் காலண்டரில் இறங்கினேன். எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போடுவார்கள். வெளியூர் ஏஜெண்டுகளும் வியாபாரிகளும் அன்றைக்கு வந்து ஆர்டர் கொடுப்பார்கள். எனக்கு முதல் ஆர்டர் கொடுத்தவர் வத்தல் அண்ணாச்சி. அவரோடு விருதுநகரில் இன்னும் ஐந்து பேர், எண்ணெய், பருப்பு, பாத்திரம் என்று பல கடைக்காரர்கள். அந்த ஆறு பேரின் கடைப் பெயர் போட்ட காலண்டர் ஜில்லாவில் பாதி வீடுகளில் தொங்கியது. நானும் முதன்முதலாக ஒரு தொழிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது வருஷம் லீப் வருஷம்.

தாளுக்குப் பத்து நாள் வீதம் முப்பத்தேழு தாள். புதிதாக எல்லாவற்றையும் அச்சுக் கோக்க நேரமில்லை என்று முந்தைய வருஷத்தையே வைத்து, கிழமையையும் நல்ல நேரத்தையும் பஞ்சாங்கப்படி மாற்றச் சொன்னேன். யோசனை என்னுடையது. முந்தைய வருஷத்தில் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான் என்பது என் யோசனைக்குள் வரவில்லை. பரமசிவம் வழக்கம்போல முன்னும் பின்னும் படித்தார். ஆறாவது தாளின் அடியில் சிவப்பில் இரண்டே சொல் எழுதினார்: "29 எங்கே?" புரூப் தாள்களை என் மேஜையில் வைத்துவிட்டு, மகளுக்குக் காதுகுத்து என்று மூன்று நாள் லீவில் இருக்கன்குடிக்குப் போய்விட்டார்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். 29 எங்கே என்று கேட்கிறாரே, இருபத்தொன்பதாம் தாளைக் காணோம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் வைத்த தாள்களில் அது உண்மையாகவே இல்லை. தேடினேன். என் டீ கிளாசுக்கு அடியில், அக்டோபர் மாதத்தின் மேல் வட்டமாகக் கறை படிந்து கிடந்தது. அதை எடுத்து அதன் இடத்தில் சொருகி, அவர் எழுதியதற்குக் கீழே "வைத்தாச்சு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்த திருப்தி.

லீவு முடிந்து வந்த பரமசிவம் முதலில் அதைத்தான் கேட்டார்.

"இருபத்தொம்போது வச்சாச்சா மொதலாளி?"

"வச்சாச்சு."

அவர் கேட்டதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை.

பட்டாசு என்றால் திரி பற்றிய கொஞ்ச நேரத்தில் வெடித்துவிடும். காலண்டர் வெடிக்க இரண்டு மாதம் ஆனது. ஜனவரி முழுக்க எல்லோரும் தாளைக் கிழித்துக்கொண்டு நன்றாக இருந்தார்கள். பிப்ரவரி இருபத்தெட்டு புதன்கிழமை. மறுநாள் காலையில் அதைக் கிழித்தால் மார்ச் ஒன்று, வெள்ளிக்கிழமை என்று இருந்தது. வியாழக்கிழமையை நான் விழுங்கியிருந்தேன். பாதி ஜில்லாவில், ஒரே வீட்டுக்குள் ஒருவர் ரேடியோவை நம்ப, இன்னொருவர் காலண்டரை நம்பினார்.

சனிக்கிழமை அந்த ஆறு பேரும் வேன் பிடித்து சிவகாசிக்கு வந்துவிட்டார்கள். ஆபீஸ் அறையில் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். அண்ணாச்சிதான் பேசினார்.

"ஏலே தும்மலு, எங்க வீட்ல அவ வெள்ளிக்கெளம விரதம் இருப்பா, தெரியும்ல? ஒன் காலண்டரப் பாத்து வியாளக்கெளமயும் பட்டினி. மறுநா நெச வெள்ளி, அன்னைக்கும் பட்டினி. அந்தக் கோவத்துல ரெண்டு நாளும் எனக்கும் சோறு இல்ல."

பருப்புக் கடைக்காரர், "என் கடையில வெள்ளின்னு நெனச்சு வியாளக்கெளம பூசணிக்கா ஒடச்சாச்சு. தெருவே பாத்துச் சிரிக்கி" என்றார். சிரிப்பும் கோபமும் கலந்துதான் பேசினார்கள். ஆனால் அண்ணாச்சி அடுத்துக் கேட்டது வியாபாரக் கேள்வி.

"சரி, இத யாரு பாத்தா? அதச் சொல்லு. அடுத்த வருசத்துக்கு ஒன்ன நம்பலாமா வேண்டாமான்னு தெரியணும்ல."

அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில், என் முழங்காலுக்கு நேராக இருந்தது. வியாழக்கிழமையே எடுத்துப் பார்த்துவிட்டேன். சிவப்பில் அவர் கேள்வி, நீலத்தில் என் பதில். இழுத்துக் காட்டினால் போதும். "புரூப் பாத்தது பரமசிவம்" என்றேன்.

இந்த வாக்கியத்தில் பிழை கிடையாது. இதைப் புரூபில் பரமசிவமே பார்த்திருந்தால்கூட வட்டம் போட ஒன்றும் இருந்திருக்காது. அவர் அதைக் கேட்கவும் செய்தார். கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆறு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அண்ணாச்சி அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிட்டார். "சரியான பிப்ரவரிலா இருக்கான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் போய்விட்டது என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

நான் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அவராகத்தான் நின்றுகொண்டார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு அச்சகங்களில் போய்க் கேட்டார். பிப்ரவரிக்குப் புரூப் வேலை கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு டீக்கடையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். "புரூப் பாக்குறவுக எல்லாம் மொதலாளி மேலதான் சொல்லுவீக" என்று மாஸ்டர் முடித்துவிட்டாராம். அதற்கப்புறம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் நாரணாபுரம் பக்கம் ஒரு தீப்பெட்டி கம்பெனியில் ஆஜர் எடுக்கிற வேலை கிடைத்தது. காலையில் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்கள் பெயருக்கு நேரே கோடு போடவேண்டும். "பிப்ரவரியண்ணே, எங்க நாள விட்டுறாதீக" என்று பெண்கள் தினமும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். தினமும் சொன்னார்கள்.

நான்கைந்து வருஷம் கழித்து அவர் இல்லாமல் என்னால் முடியவில்லை. நானே பார்த்து அனுப்பிய காலண்டரில் ஒரு பௌர்ணமி இரண்டு முறை வந்தது. வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். செம்பில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"வாரேன் மொதலாளி. ஒண்ணே ஒண்ணு. நான் செவப்புல எளுதினது உங்களுக்கு ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு."

"ஆடிப் பதினெட்டுக்கு அந்த ஆறு பேரும் வருவாக. அவுக மத்தியில ஒரு வார்த்தை சொல்லிருங்க. பரமசிவம் பாத்தான், நான்தான் விட்டேன்னு. அம்புட்டுப் போதும்."

சொல்கிறேன் என்றேன். சொல்வதாகத்தான் இருந்தேன். குளிக்கும்போது இரண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன்.

ஆடிப் பதினெட்டு. அச்சக வாசலில் வாழை கட்டியிருந்தோம். ஆல்பங்கள் மேஜையில். ஆறு பேரும் கையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பரமசிவம் வெளுத்த வேட்டி சட்டையில், பையில் சிவப்புப் பேனாவோடு, முன்பு நின்ற அதே கதவருகில் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன். அண்ணாச்சி, "என்ன தும்மலு, பிரசங்கமா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் முகம் சிரிக்கத் தயாராக இருந்தது. சிரிக்கத் தயாரான முகங்களுக்கு முன்னால் உண்மை சொல்வது எத்தனை கடினம் என்று அன்றைக்குத் தெரிந்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நம்ம பிப்ரவரி திரும்பி வந்துட்டாரு. இனிமே உங்க நாளெல்லாம் பத்திரம்."

அறையே அதிர்ந்தது. பாத்திரக் கடைக்காரருக்குப் புரையேறியது. நான் அதுவரை அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. பரமசிவமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். ஒரு தட்டுக் கேசரியும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. மறுநாள் விசாரித்தால், காலையிலேயே நாரணாபுரத்துக்கு ஆஜர் எடுக்கப் போய்விட்டார் என்றார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலண்டரை விட்டேன். குடிதண்ணீர்ப் பாட்டில் தொழிலில் இறங்கினேன். தண்ணீரில் ஒரு வாடை, ஆறே மாதத்தில் மூடினேன். பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்தேன். அது பிடித்துக்கொண்டது. கார் வந்தது, தொழிலதிபர் வந்தது. பரமசிவத்தைப் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். "சௌக்கியமா மொதலாளி?" என்று கேட்பார். நானும் சௌக்கியம் என்பேன். நின்று ஒரு வார்த்தை பேச, என் காருக்கு எப்போதும் அவசரம்.

போன வருஷம் சிவகாசியில் ஒரு சுவரில் அவர் படத்தைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. தீப்பெட்டி கம்பெனிக்காரர்கள் ஒட்டியிருந்தார்கள். 'பரமசிவன் (எ) பிப்ரவரி' என்று போட்டிருந்தது. அவர் பரமசிவம். ஒரு எழுத்துப் பிழை. பிப்ரவரியில் பிழை இல்லை. என் சட்டைப்பையில் பேனா இருந்தது. சுவரொட்டி உயரத்தில் இருந்ததால் எட்டவில்லை என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன்.

காரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து நேரே விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். ஆறு பேரில் அண்ணாச்சி ஒருவர்தான் மிச்சம். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் பருப்புக் கடை இருந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி. பாத்திரக் கடை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பஜாரில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. மூட்டைகளெல்லாம் குளிர்பதனக் கிடங்குக்குப் போய்விட்டனவாம்.

அண்ணாச்சி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். காது மந்தம், ஆனால் ஆளைத் தெரிந்துகொண்டார்.

"அண்ணாச்சி, பரமசிவம் செத்துட்டாரு."

"யாருலே அது?"

"நம்ம பிரஸ்ல புரூப் பாத்தாரே."

கண்ணைச் சுருக்கி யோசித்தார். "பிடிபடலயேப்பா."

வேறு வழியில்லை. "பிப்ரவரி" என்றேன்.

"அட, நம்ம பிப்ரவரியா? அடப்பாவமே. நல்ல மனுசன்லா."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாம் தாள், சிவப்பில் எழுதியது, டீ கிளாஸ், நான் போட்ட கையெழுத்து, கேசரி. காது கேட்கவேண்டுமே என்று பக்கத்தில் நகர்ந்து, ஒவ்வொரு வாக்கியமாக, சத்தமாகச் சொன்னேன். முப்பது வருஷம் முனகக்கூட முடியாததைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணாச்சி கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அவன் தேதியக் கேட்டா, நீ தாளத் தேடிருக்க. ஏலே, இதச் சொல்லவா இந்த வெயில்ல வந்த? விடு. எல்லாவனும் போய்ச் சேந்துட்டான். ஒனக்கும் எனக்கும் இன்னும் எம்புட்டு நாளு. காப்பி குடி."

காப்பி குடித்தேன். விடைபெற்று வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மகன் கடையிலிருந்து சாப்பிட வந்தார். எனக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அண்ணாச்சி காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி உரக்கத்தான் பேசினார்.

"பிப்ரவரி செத்துட்டானாம்லே. அதச் சொல்ல வந்துருக்கான்."

"யாருப்பா, காலண்டர்ல ஒரு நாள விட்டாரே, அவரா?"

"அவனேதான்."

உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய், அவர் இல்லை, நான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு எட்டு வைத்தால் கூடம். நான் தெருவில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். அந்த வீட்டில் அன்றைக்குப் பரமசிவம் என்ற பெயரைச் சொன்னவன் நான் ஒருவன்தான். அதுவும் ஒரே ஒரு தடவை.